அப்பா பிறந்த ஊர்

முதலியார்பேட்டையில் டெம்போ ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரில் உட்கார்ந்தார்கள். இளையவள் மடியில் ஒரு ஃபைல். அவளுடைய அப்பா, சலவைச் சட்டையில், என் பக்கத்தில்.

“எங்கப்பா அவரு பொறந்த ஊர்ல காலே வெச்சதில்லக்கா.”

“என்னடி சொல்ற?”

“கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தாரில்ல, அவரோட ஆபீசர் பேரு மொர்வால். அதையே குடும்பப் பேரா வெச்சிக்கினாரு. அப்பாவோட பிரெஞ்சுக் குடியுரிமை பாரத்துல எவனோ பொறந்த ஊருக்கு நேராவும் அதையே எழுதிட்டான். பிரான்ஸ்ல நெசமாவே அந்தப் பேர்ல ஒரு கிராமம் இருக்குது. அதனால இத்தினி வருஷமா யாருக்கும் சந்தேகம் வரல.”

“இப்ப?”

“பிரெஞ்சு பாஸ்போர்ட்டு புதுப்பிக்கக் கான்சலேட்டுல குடுத்தோம். அந்தக் கிராமத்துக்கு எழுதிக் கேட்டிருக்காங்க. இப்படி ஒரு கொழந்த இங்க பொறக்கவேயில்லன்னு பதில் வந்துடுச்சி. இன்னைக்கு நேர்ல வரச் சொல்லிட்டாங்க.”

“முதலியார்பேட்டைலதான் பொறந்தாருன்னு உண்மையச் சொல்லிடேன்.”

“அப்ப இத்தினி நாளா சொன்னது பொய்யான்னு கேட்டா?”

இறங்கும் இடம் நெருங்கியது. பெரியவர் மகளை நோக்கிக் குனிந்தார்.

“ஏம்மா, அந்த ஊர்ல ஆறு கீறு ஏதாவது இருக்குதா? கேட்டா சொல்லணுமே.”