வயிற்றில் தெரியும் சிவப்பு

காந்திரு மீனுக்கு வெயில் ஆகாது. தெஃபே நகரத்தில் எங்கள் மீன் காட்சிசாலையிலேயே குளிர்ச்சியான அறை அதன் தொட்டி இருக்கும் அறைதான். அதனால்தான் ஐயா, வால்தெசிர் மதியத் தூக்கத்துக்கு அங்கே தூளி கட்டியிருந்தான்.

விரல் நீள மீன் அது. கண்ணாடி போன்ற உடம்பு. பகலெல்லாம் மணலுக்குள் கிடக்கும். பெரிய மீன் ஒன்றை இறக்கினால், அந்த மீன் மூச்சுவிடும் நீரோட்டத்தைப் பிடித்து வந்து காந்திரு அதன் செவுளுக்குள் நுழையும். இரண்டு நிமிடம் இரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். பிறகு இரண்டு நாள் வயிறு சிவப்பாகத் தெரியும். பெரிய மீன் சாவதில்லை. காந்திரு அளவறிந்து குடிக்கும்.

இந்த அக்டோபரில் ஆறு வற்றி, படகுகள் சேற்றில் நின்றுவிட்டன. உயிர்மீன் வரத்து இல்லை. தொட்டியில் இருந்த பதினொரு காந்திருவும் இருபது நாள் பட்டினி. ஈரல் போட்டேன், தொடவில்லை.

வால்தெசிர் என்னோடு வேலை பார்ப்பவன். அவன் மகளுக்கு நான் ஞானத்தகப்பன், அதனால் என்னைக் கும்பாதிரி என்பான். செவ்வாய்க்கிழமை மதியம் அசாயிப் பழக் கூழைக் கிண்டிக்கொண்டே சொன்னான்:

"நாளைக்கு அதுங்கள ஏரியில விட்டுர்றேன், கும்பாதிரி. மேலிடத்துல சொல்லியாச்சு."

"ஏரித்தண்ணி கொதிக்குதுடா. செத்துரும்."

"செத்தாச் சாவட்டும். ஒம் பொண்டாட்டி போனப்பக்கூட இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கல நீ. அவ்வளவு பாசம்னா ஒங் கைய உள்ள வுடேன்."

சிரித்தான். நானும் சிரித்தேன். என் கையை ஏற்கெனவே இரண்டு முறை கீறித் தொட்டிக்குள் விட்டுப் பார்த்திருந்தேன். ஒரு மீனும் வரவில்லை. எனக்குச் சர்க்கரை, கெட்ட இரத்தம். அவன் திடமான ஆள்.

அவன் எழுந்து போன நேரம் அவன் கூழில் என் தூக்கமருந்தைக் கலந்தேன். தூங்கும்போது அவன் இடக்கை எப்போதும் தூளிக்கு வெளியே தொங்கும். தொட்டி மூடியை நகர்த்தி, அந்தக் கையைத் தண்ணீருக்குள் வைத்தேன். கத்தியை முந்தின நாளே தீட்டியிருந்தேன். முனகினான், தலையைத் தடவிக்கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துக் கட்டுப்போடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் அவை மணலைவிட்டு எழவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். பிறகு தண்ணீர் கலங்கி எதுவும் தெரியவில்லை; அதனால் இன்னும் கொஞ்சம்.

அவன் மனைவி சாப்பாட்டுப் பாத்திரம் எடுக்க வந்தபோது அவனுக்கு மூச்சில்லை. நான்தான் செய்தேன். ஆனால் வீணாகச் செய்யவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் ஆட்கள் மணலைச் சலித்தார்கள், பதினொன்றின் வயிறும் வெறுமையாக இருந்தது என்கிறீர்கள். இருக்கலாம் ஐயா. ரொம்பப் பசி அல்லவா, சீக்கிரம் செரித்திருக்கும்.