பதர்க் கோடு

ஈரப் பதரைப் பெருக்குவது நினைப்பதுபோல் எளிதல்ல, சாமி. கல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் துடைப்பம் தொட்டதில்லை. அந்தச் சிரமம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் இந்தக் கோயிலுக்குப் புதிதாக வந்த பாதிரியார். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே இருக்கும் கல்லறை யாருடையது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

மே முதல் நாள் விடியும்முன், மறைவில் காதலிப்பவர்களின் வீடுகளுக்கு நடுவே இளவட்டங்கள் பதர் தூவிக் கோடு போடுவது இங்கே வழக்கம். விடிந்ததும் ஊர் அதைப் பின்தொடர்ந்து போய்ச் சிரிக்கும். பெரும்பாலும் கல்யாணத்தில் முடியும்.

அந்த வருடம் கோடு என் வாசலில் தொடங்கியது. கிணற்றடியில் திரும்பி, ஆடு மேய்க்கும் யோப்ஸ்டின் குடிசையில் முடிந்தது. அவர் மகள் அஃப்ரா. என் மகன் ஆன்செல்ம். நான்கு தலைமுறையாக இந்தக் குன்றின் தலைமை எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆட்டுக்காரன் மகள் அந்தப் படி ஏறலாமா?

ஊர் எழும்முன் என் வாசலிலிருந்து கிணறுவரை பெருக்கினேன். பாதியில் நிற்கும் கோடு ஊரைத் தேட வைக்கும். ஆகவே கூடையில் அள்ளியதைக் கிணற்றிலிருந்து வேறு பக்கமாகத் தூவினேன். கோயில் மணியடிக்கும் ஃபைட் என்பவர் மேல் எனக்குப் பகை ஏதும் இல்லை. பதர் அவர் வாசல்வரைதான் எட்டியது. அவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

"ஏம்ப்பா ஃபைட்டு, கோயில் மணிய மட்டுந்தான் அடிப்பேன்னு நெனச்சோம். ஆட்டுக்கொட்டாய்லயுமா?" என்றார்கள் ஊரார் காலையில்.

"சிரிங்கய்யா. சூப்பு சூடா இருக்கான்னு பாக்கவே அந்த மனுசனுக்கு நான் வேணும்," என்றாள் அவர் மனைவி ரெஜினா. பிறகு அஃப்ராவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

அஃப்ரா என் மகனை மட்டும் பார்த்தாள். "நீ சொல்லு, ஆன்செல்ம்."

நான் அவன் தோளில் கை வைத்தேன்.

"எனக்கென்ன தெரியும்," என்றான். நல்ல பிள்ளை.

கோடு போட்ட பையன்களுக்கு உண்மை தெரியும். என்னைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

அதன்பின் ரொட்டி சுடும் ஊர்ப் பொது அடுப்பில் அஃப்ராவுக்கு முறை வரவில்லை. "ஒன் மாவு புளிச்சுப்போச்சுடி, எடுத்துட்டுப் போ," என்பார்கள் பெண்கள். வயிறு தெரிந்ததும் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

யோப்ஸ்ட் என் வாசலுக்கு வந்தார். "ஐயா, நீங்க ஒரு வார்த்த சொன்னா ஊரு கேக்கும்."

தலைவன் பட்சபாதம் பார்க்கக் கூடாது என்றேன்.

அறுவடை முடிவதற்குள் அவளைக் குளத்திலிருந்து எடுத்தார்கள். ஃபைட் மணி அடிக்கவில்லை; தானாகத் தேடிய சாவுக்கு அடிக்கக் கூடாது, சுவருக்குள் புதைக்கவும் கூடாது என்று முந்தைய பாதிரியார் தடுத்துவிட்டார். குற்றம் உறுத்தித்தான் ஃபைட் அடிக்கவில்லை என்றது ஊர். ரெஜினா பிள்ளைகளோடு தாய்வீடு போனாள்.

கோட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது என்று நினைக்காதீர்கள். முந்தின நாளே ஆன்செல்ம் தொழுவத்தில் மண்டியிட்டான். "அப்பா, அவ முழுகாம இருக்கா. கட்டிக்கிறேன், விடுங்கப்பா." சுவருக்கு வெளியே என் பேரப்பிள்ளையும் கிடக்கிறது.

அடக்கத்தன்று குன்றிறங்கிப் போன ஆன்செல்ம் திரும்பவில்லை. அவன் படுக்கையை விரித்தே வைத்திருக்கிறேன். சாயங்காலம் இரண்டு கிண்ணத்தில்தான் சூப் ஊற்றுகிறேன்.

ஆனால் எங்கள் வீட்டுக் கௌரவத்துக்கு ஒரு குறையும் வரவில்லை, சாமி. கிணற்றடியில் நான் போனால் இன்றும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் கடக்கும்வரை ஒதுங்கியே நிற்பார்கள்.