பல் படாத வேலை

என் வாயில் முப்பத்திரண்டு பல்லும் அப்படியே இருக்கின்றன, ஐயா. இருபது வருடம் கரண்ட் வேலை பார்த்தும் ஒரு வயரைக்கூடப் பல்லால் தொட்டதில்லை. நீங்கள் கேட்கிற விஷயம் அங்கேதான் தொடங்குகிறது.

என் தங்கையின் கணவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். நான் எலக்ட்ரீஷியனாக இருந்த அதே அலுவலகத்தில் அவருக்குக் கம்ப்யூட்டர்களை இணைக்கிற கேபிள் வேலை. தங்கை கீழே வரவேற்பு மேசையில் இருந்தாள். கேபிளின் மேல்தோலை உரிக்க அவருக்கு நல்ல கருவி கொடுத்திருந்தார்கள். அவரோ அதை எங்காவது மறந்து வைத்துவிட்டுப் பல்லால்தான் கடித்து உரிப்பார். நெட்வொர்க் கேபிளில் ஆளை அடிக்கிற கரண்ட் கிடையாது என்கிற தைரியம்.

கிடையாதுதான். ஆனால் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, என் கரண்ட் வயர் போகிற பைப்புக்குள்ளேயே அவர் கேபிளையும் இழுத்துவிட்டார். உள்ளே ஒரு வயர் தேய்ந்து கேபிளில் பட்டால் போதும், மறுமுனையில் கை வைக்கிறவன் கதை முடிந்தது. மூன்று முறை சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு பேரையும் கீழே வரவேற்பு மேசைக்குக் கூப்பிட்டு விசாரித்தபோது, மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் கேபிள் முனையை நாக்கில் வைத்துக் காட்டினார்.

"எங்க மச்சானுக்குக் கொடிக்கயிறத் தொட்டாக்கூட ஷாக் அடிக்கும் சார்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. என் தங்கையும் சிரித்தாள். சின்ன வயதில் விளக்குப் போடக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். வயிறு எரிந்தது, ஐயா. மறைக்க என்ன இருக்கிறது.

சும்மா ஒரு பாடம் புகட்டலாம் என்று நினைத்தேன். சுளீரென்று ஒன்று, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை பகல் அவர் மூன்றாவது மாடியில் கேபிள் மாற்ற வந்தார். அதன் மறுமுனை எதிரே என் மின்சார அறையில் இருந்தது. அதில் மெயின் கரண்டைக் கொடுத்தேன். கரண்ட் கசிந்தால் தானாகவே அணைத்துவிடுகிற டிரிப் சுவிட்சை அன்று காலையில்தான் பழுது பார்க்கக் கழற்றி வைத்திருந்தேன். அதில் பழுதே இல்லை என்று சோதித்துப் பார்த்த உங்கள் போலீஸ் ஆள் சொன்னாராம். இருக்கலாம்.

அவர் கடித்தார். தாடை பூட்டிக்கொண்டது. பல் ஒன்று உடைந்த சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. உதட்டோரம் ரத்தம் நுரைத்துக் கருகியது. குதிகால் இரண்டும் தரையை அடித்துக்கொண்டே இருந்ததில் ஒரு செருப்பு கழன்று என் வாசல் வரை வந்தது. கண் மட்டும் என்னை விட்டு அகலவில்லை.

என் கை மெயின் சுவிட்சின் மேல்தான் இருந்தது. அசையவில்லை. பயத்தில் கைகால் மரத்துப்போவது யாருக்கும் நடக்கிறதுதானே? கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அப்போது தங்கை படியேறி வந்தாள். அவர் கீழே அவள் மேசையில் மறந்துவிட்டுப் போன அந்தக் கருவியைக் கையில் வைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். அவள் விரல் அவர் சட்டையில் படுவதற்குள் மெயினை இறக்கிவிட்டேன். கண் இமைக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

அவள் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவரிடம் மூச்சு இல்லை. நிமிர்ந்து முதலில் என் கையைப் பார்த்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, உன் கை அங்கயேதான் இருந்துச்சா?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். தங்கையின் உயிரைக் காப்பாற்றியதும் நான்தான் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், ஐயா. அதைப் படித்தால் என்னைப் பார்க்க வந்துவிடுவாள்.