முப்பத்திநாலு கிணற்று மோட்டார்

சீனித்தாய்: மீனு பிடிக்கதுக்கு இல்லங்கீங்க?

வெயிலுமுத்து: இல்ல.

சீனித்தாய்: ஆளு ஏத்துறதுக்கா?

வெயிலுமுத்து: நாலு பேரு உக்காரலாம். அதுவும் காலை மடக்கிக்கிட்டு.

சீனித்தாய்: பெறகு எதுக்குத்தான் அந்தப் படகு?

வெயிலுமுத்து: வேகத்துக்கு.

சீனித்தாய்: வேகமா எங்க போகும்?

வெயிலுமுத்து: எங்கயும் போகாது. கடலுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு, பொறப்பட்ட எடத்துக்கே வந்துரும்.

சீனித்தாய்: அதுக்குப் பேசாம பொறப்பட்ட எடத்துலயே இருந்துக்கிடலாமே.

வெயிலுமுத்து: ஏட்டி, நீ அதப் பாத்தேன்னா இப்படிப் பேச மாட்டே.

சீனித்தாய்: நான் எங்க போயிப் பாக்க... இங்கன தீப்பெட்டி ஒட்டவே பொழுது பத்தல. அந்தப் பசைக் கிண்ணத்த இப்படித் தள்ளுங்க. ஒரு வாரமா தூத்துக்குடில கெடந்துட்டு வந்திருக்கீங்க. வீட்டுல பொண்டாட்டி எப்படி இருக்கா, புள்ள எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை உண்டுமா? வந்ததுலருந்து படகு, படகு, படகு. உங்க தீப்பெட்டி ஆபீஸு மொதலாளிக்கு வேற சோலி இல்லையா?

வெயிலுமுத்து: சௌந்தரபாண்டியன் மொதலாளிய ஒன்னும் சொல்லாத. சீமையிலருந்து வந்த எஞ்சினு, ரெண்டு. அத மாட்டுறதுக்குத் தூத்துக்குடில ஆளா இல்ல? ‘என் ஆபீஸு மெஷினு பூராவும் வெயிலுமுத்து கையிதான், இதையும் அவன்தான் மாட்டணும்’னு கூட்டிட்டுப் போனாரு.

சீனித்தாய்: ஒரு படகுக்கு எதுக்கு ரெண்டு எஞ்சினு? ஒன்னு தூங்கும்போது இன்னொன்னு ஓட்டவா?

வெயிலுமுத்து: சிரி, சிரி. நம்ம மேலக்காட்டுக் கெணத்து மோட்டாரு எத்தன குதிரைச் சக்தி?

சீனித்தாய்: அஞ்சுன்னு எங்கண்ணன் சொல்லுவான்.

வெயிலுமுத்து: அஞ்சு. இதுல ஒரு எஞ்சினுக்கு எம்பத்தஞ்சு. ரெண்டுக்கும் சேத்து நீயே கணக்குப் போடு.

சீனித்தாய்: எனக்கு எங்க தெரியும். நீங்கதான் மீசை நரைச்ச பெறகு முதியோர் பள்ளிக்கூடத்துல படிச்ச ஆளு.

வெயிலுமுத்து: நூத்தியெழுவது. முப்பத்திநாலு கெணத்து மோட்டாரு, சீனி! இங்கருந்து கழுகுமலை வரைக்கும் ரோட்டோரமா ஓடுத மோட்டாரையெல்லாம் புடுங்கிட்டு வந்து, ஒரே ஒரு பலகைல தொங்க விட்ட மாதிரி. அந்தப் பலகை எம்புட்டு கனம்? மூணு வெரக்கட, மூணு வெரலு அகலம்தான்.

சீனித்தாய்: ஆத்தாடி...

வெயிலுமுத்து: அதான. பெட்டியத் தொறந்து பாத்தேன். எஞ்சின்னா எண்ணெயும் கரியுமாத்தான நாம பாத்திருக்கோம்? இது கன்னங்கரேல்னு, ஒரு கீறல் இல்லாம, இப்பத்தான் எண்ணெக்காப்பு சாத்துன சாமி மாதிரி இருந்துச்சு. தொடக் கூசுச்சு. வேட்டில கையத் தொடச்சிட்டுத்தான் தொட்டேன்.

சீனித்தாய்: என்னையக் கட்டிக் கூட்டிட்டு வந்தன்னைக்குக் கையத் தொடச்சீங்களா?

வெயிலுமுத்து: உனக்கு எல்லாம் கேலிதான். அது தண்ணி குடிக்கத நீ கேட்டா இன்னும் சிரிப்பே.

சீனித்தாய்: எஞ்சினு தண்ணி குடிக்குமா?

வெயிலுமுத்து: ஓட ஓடக் குடிக்கும். சூடு தணியணும்லா. குடிச்சத, பின்னால சின்னதா ஒரு ஓட்டை இருக்கு, அது வழியா பீச்சிக்கிட்டே இருக்கும். அந்தப் பீச்சு நின்னுச்சுன்னா உள்ள காஞ்சு கருகுதுன்னு அர்த்தம்.

சீனித்தாய்: பச்சப்புள்ள மாதிரின்னு சொல்லுங்க. நாலு மணி நேரம் புள்ள மோளலைன்னா நமக்குப் பதறும்லா.

வெயிலுமுத்து: அதேதான். இஸ்ரவேலு அண்ணாச்சி, அவருதான் படகு ஓட்டுறவரு, அந்தப் பீச்சையே பாத்துக்கிட்டு இருப்பாரு. அது ஒழுங்கா வந்தா அவரு மூஞ்சில ஒரு சிரிப்பு வரும். எனக்கும் வந்துரும்.

சீனித்தாய்: சரி, மாட்டியாச்சு, சிரிச்சாச்சு. பெறகு என்ன? சாப்பிடும்போதுலருந்து பாக்கேன், எதையோ தொண்டைல வச்சுக்கிட்டு முழுங்கவும் மாட்டாம துப்பவும் மாட்டாம இருக்கீங்க.

வெயிலுமுத்து: வேலை இன்னும் முடியலல்லா...

சீனித்தாய்: என்ன முடியல?

வெயிலுமுத்து: வேக ஓட்டம் பாக்கணும். கடலுக்குள்ள கொண்டு போயி ரெண்டு எஞ்சினையும் முழுசா முடுக்கி விடணும். அப்பத்தான் வேலை தேறுச்சுன்னு கணக்கு.

சீனித்தாய்: பாக்கட்டும். அதான் அண்ணாச்சி இருக்காருல்லா.

வெயிலுமுத்து: அவரு தனியா ஏற மாட்டேங்காரு.

சீனித்தாய்: ஏன், கடல்ல பொறந்த ஆளுக்குப் பயமா?

வெயிலுமுத்து: பயம் இல்ல. அவிய வழக்கம். பின்பலகைல ஓட்டை போட்டு எஞ்சின மாட்டுனவன் எவனோ, அவன் மொத வேக ஓட்டத்துல அந்தப் பலகைகிட்ட உக்காரணும். பிஞ்சா ரெண்டு பேரும் சேந்து முங்கணும். அவன் உக்கார மாட்டேன்னா அவன் வேலைய அவனே நம்பலன்னு அர்த்தம். எஞ்சினக் கழத்தி வேற ஆளுகிட்டக் குடுத்துருவாவ.

சீனித்தாய்: கூடாது.

வெயிலுமுத்து: நான் இன்னும் கேக்கவே இல்ல...

சீனித்தாய்: கேக்காண்டாம். புள்ள தலைல அடிச்சு நீங்க பண்ணுன சத்தியம் என்ன? எங்க, உங்க வாயால சொல்லுங்க.

வெயிலுமுத்து: மாருக்கு மேல தண்ணி கெடக்க எடத்துல எறங்க மாட்டேன்னு.

சீனித்தாய்: கடலு என்ன, மாரளவா?

வெயிலுமுத்து: படகுல தான ஏறப் போறேன்? தண்ணில எறங்கலல்லா.

சீனித்தாய்: இந்த வக்கீலு பேச்செல்லாம் எங்கிட்ட வேண்டாம். எங்கண்ணன் பூவனநாதனும் இப்படித்தான் சொன்னான். ‘ஒரே ஒரு முங்கு தங்கச்சி, புட்வால்வ எறக்கிக் கட்டிட்டு வந்துருதேன், நீ சோத்தப் போடு’ன்னான். சோறு போட்டு வச்சேன். நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க.

வெயிலுமுத்து: மறப்பனா, சீனி... அந்தப் பஞ்சத்துல கெணத்துத் தண்ணி எறங்கிப் போச்சு. குழா முனைல தொங்குத புட்வால்வு மேலயே நின்னு காத்த இழுத்துச்சு. அத ஆழத்துல எறக்கத்தான மச்சான் முங்குனான். அன்னைலருந்து நான் எந்தக் கெணத்துல வேலை பாத்தாலும் ஒரு முழம் கூடுதலாத்தான் எறக்குவேன். நான் நெனைக்காமலே கையி எறக்கிரும்.

சீனித்தாய்: அதுக்கும் இதுக்கும் என்ன?

வெயிலுமுத்து: படகுலயும் எறக்கிட்டேன்.

சீனித்தாய்: எத?

வெயிலுமுத்து: ரெண்டு எஞ்சினையும். தண்ணிக்குள்ள சுத்துத விசிறி நல்லா ஆழத்துல கெடக்கட்டும், காத்து இழுக்காதுன்னு... கெணத்துக்கு அது சரி. இதுக்குத் தப்பு. அண்ணாச்சி கரையோரமா மெள்ள ஒரு நடை ஓட்டிப் பாத்தாரு. முன்மூக்கு எந்திரிக்கவே மாட்டேங்கு. சேத்துல படுத்த எருமை மாதிரி தெணறுது. பின்னால தண்ணி எஞ்சின் கழுத்து வரைக்கும் சப்பு சப்புன்னு அடிக்கி. தொப்பலா நனைஞ்சு வந்து எறங்குனாரு. ‘ஏய் வெயிலு, இது உங்க ஊருக் கெணறு இல்லப்பா. கடலு வத்தாது’ன்னாரு.

சீனித்தாய்: கடலு வத்தாதுன்னா சொன்னாரு?... சிரிக்கக் கூடாதுன்னுதான் பாக்கேன்.

வெயிலுமுத்து: சுத்தி நின்னவன் பூரா சிரிச்சான். எனக்குத் தலை நிமுரல. விசிறிக்கு மேல தட்டு ஒன்னு இருக்கு. அது படகோட அடிவயித்துக்கு நேரா நிக்கணுமாம். நான் ரெண்டு வெரக்கட கீழ விட்டிருக்கேன்.

சீனித்தாய்: ரெண்டு வெரக்கடைக்கா அம்புட்டு கூப்பாடு?

வெயிலுமுத்து: அந்த ரெண்டு வெரக்கடைலதான் அது பறக்கதும் தவழுததும். பெறகு ரெண்டையும் கழத்தி, மேல தூக்கி, புதுசா ஓட்டை போட்டேன். ஒன்னுக்கொன்னு மயிரளவு ஏத்த எறக்கம் ஆகாது. வண்டில பூட்டுன ரெண்டு மாடும் ரெண்டு பக்கம் இழுத்தா எப்படி இருக்கும்? அதான். ரெண்டையும் சேத்துப் பிடிக்க நடுவுல ஒரு கம்பி போட்டு முறுக்கியாச்சு.

சீனித்தாய்: பழைய ஓட்டை?

வெயிலுமுத்து: ...அடைச்சிருக்கு. பைபர் துணியும் பசையும் வச்சு.

சீனித்தாய்: அடைச்ச ஓட்டைக்கு ரெண்டு வெரக்கட மேல புது ஓட்டை. மூணு வெரக்கடப் பலகை. அதுல முப்பத்திநாலு கெணத்து மோட்டாரு.

வெயிலுமுத்து: ஆமா.

சீனித்தாய்: பிஞ்சா?

வெயிலுமுத்து: எஞ்சின் பலகையோட போயிரும். பின்பக்கமா தண்ணி ஏறும். கண்ண மூடித் தொறக்க முன்ன முங்கிரும்.

சீனித்தாய்: இதையும் சொல்லிட்டு எங்கிட்ட உத்தரவும் கேக்குதீங்க.

வெயிலுமுத்து: பொய்யச் சொல்லியா கேக்கச் சொல்லுதே?

சீனித்தாய்: பொய்யி. அதப் பத்தி நீங்க பேசுதீங்க.

வெயிலுமுத்து: ஏன், என்ன?

சீனித்தாய்: ஒன்னுமில்ல. பசை காயுது... நீங்க ஏறலைன்னா மொதலாளி என்ன செய்வாரு?

வெயிலுமுத்து: ஒன்னும் சொல்ல மாட்டாரு. ‘சரிப்பா, நீ வீட்டுக்குப் போ’ம்பாரு. அண்ணாச்சி எஞ்சினக் கழத்துவாரு. நான் கையக் கட்டிக்கிட்டுப் பாத்துட்டு நிக்கணும். அதுக்குப் பெறகு எந்தக் கெணத்துல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் மோட்டாரு எறக்குவேன்? உங்கிட்டச் சொல்லாத ஒன்னு சொல்லட்டா... மச்சான் செத்ததுலருந்து, ஸ்பேனரப் பிடிச்சா எங்கையி நடுங்கும். யாருக்கும் தெரியாம சமாளிச்சுக்கிடுவேன். ரெண்டாந்தடவை ஓட்டை போட்டேன்லா, அப்ப நடுங்கல.

சீனித்தாய்: ...நெசமாவா?

வெயிலுமுத்து: நெசமா.

சீனித்தாய்: அது எப்படித்தான் போகும்? சொல்லுங்க. கேட்டுட்டு யோசிக்கேன்.

வெயிலுமுத்து: மொதல்ல மெள்ளத்தான் போகும். ரெண்டும் தொண்டைக்குள்ளயே உறுமிக்கிட்டு. துறைமுகத்துச் செவரத் தாண்டுனதும் அண்ணாச்சி ரெண்டு பிடியையும் சேத்து முன்னால தள்ளுவாரு. அவ்வளவுதான்! மூக்கு வானத்தப் பாக்க எந்திரிக்கும். நம்ம வயிறு பின்னாலயே நின்னு போகும், நாம மட்டும் முன்னால போவோம். பெறகு மூக்கு மெள்ள எறங்கி, படகு தண்ணி மேல ஏறி உக்காந்துக்கிடும். அந்த நேரம் சத்தமே மாறிப் போச்சு. அதுவரைக்கும் தனித்தனியா உறுமுனது, ரெண்டு நாயனம் ஒரே சுருதில சேந்த மாதிரி...

சீனித்தாய்: மாறிப் போச்சா, மாறிப் போகுமா?

வெயிலுமுத்து: போகும்... மாறிப் போகும்னு அண்ணாச்சி சொன்னாரு.

சீனித்தாய்: ம். அண்ணாச்சி வேற என்ன சொன்னாரு?

வெயிலுமுத்து: அந்த வேகத்துல தண்ணி கல்லா ஆயிருமாம். சித்திரையில வெடிச்சுக் கெடக்க கரிசக்காட்டுல மொட்டை வண்டிய வெரட்டுனா எப்படி இருக்கும், அந்த மாதிரி அடில தடதடன்னு தட்டுமாம். கண்ண மூடுனா நம்ம காடுதான், தொறந்தா கடலு.

சீனித்தாய்: அதையும் அண்ணாச்சிதான் சொன்னாரா? அவரு எப்ப கரிசக்காட்டுல வண்டி ஓட்டுனாரு? சரி, விடுங்க. நீங்க எந்தப் பக்கம் பாத்து உக்காருவீங்க? பின்னால திரும்பித்தான?

வெயிலுமுத்து: ஆமா, பலகையப் பாத்து. போல்ட்டு மேல கைய வச்சுக்கிட்டு... ஏட்டி, அது உனக்கு எப்படித் தெரியும்?

சீனித்தாய்: உங்களத் தெரியாதா எனக்கு? கல்யாணத்தன்னைக்கு என் மூஞ்சிய விட்டுட்டு, மைக்செட்டுக்காரன் எஞ்சின எட்டி எட்டிப் பாத்த ஆளுதான நீங்க.

வெயிலுமுத்து: சீனி...

சீனித்தாய்: போயிட்டு வாங்க.

வெயிலுமுத்து: என்ன சொல்லுதே?

சீனித்தாய்: உத்தரவு குடுத்துட்டேன். அந்தச் சத்தியத்த நான் எடுத்துக்கிடுதேன். புள்ளைக்கு ஒன்னும் வராது. போயிட்டு வாங்க. என்ன, குதிப்பீங்கன்னு பாத்தா கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க?

வெயிலுமுத்து: நான் போயிட்டு வந்துட்டேன், சீனி. முந்தாநாளு காலைல. கேட்டா விட மாட்டேன்னு கேக்காமலே ஏறிட்டேன். ஏறுனதுலருந்து உள்ள குத்திக்கிட்டே கெடக்கு. இப்ப நீ சம்மதிச்சுட்டா, அப்பமே சம்மதிச்ச மாதிரி ஆயிரும்னு ஒரு நெனப்பு... திட்டு. ரெண்டு அடி வேணும்னாலும் அடி. சும்மா மட்டும் இருக்காத.

சீனித்தாய்: பலகை?

வெயிலுமுத்து: அசையல. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. அண்ணாச்சி எறங்குனதும் எங்கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

சீனித்தாய்: அது எந்திரிச்சத நீங்க பாத்தீங்களா?

வெயிலுமுத்து: எங்க பாத்தேன்? போகும்போதும் வரும்போதும் போல்ட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். வயிறு சொல்லுச்சு, காது சொல்லுச்சு. கண்ணு பாக்கல. நேத்து பந்தயத்துக்குன்னு லாரில ஏத்தி மெட்ராசுக்குக் கொண்டு போயிட்டாவ. கரைலருந்து பாத்தா அது எப்படி இருந்திருக்கும்னு இனி எனக்குத் தெரியவா போகுது...

சீனித்தாய்: நான் சொல்லுதேன்.

வெயிலுமுத்து: நீ என்னத்தச் சொல்லுவே?

சீனித்தாய்: நீங்க ஏறுததுக்கு முந்துன நாளு, நீளப் போல்ட்டு வேணும்னு அண்ணாச்சிய நம்ம ஊரு தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்புனீங்கல்லா? அவரு நம்ம வீட்டுக்கும் வந்தாரு. மோரக் குடிச்சிட்டு, ‘நாளைக்கு உங்க வீட்டுக்காரரு எங்கூட ஏறுதாரும்மா’ன்னாரு. விடிஞ்சதும் புள்ளைய வேலுத்தாய் மதினிகிட்ட விட்டுட்டு மொத பஸ்ஸுக்கு ஓடுனேன். ஊரே நின்னு பாத்தாலும் பரவால்ல, கூப்பாடு போட்டு உங்கள எறக்கிரணும்னுதான் வந்தேன். நான் கரைக்கு வரவும் படகு செவரத் தாண்டிருச்சு. கூப்பிட வாயத் தொறந்தேன்... அப்ப அது எந்திரிச்சுதுங்க. முழுப் படகும் வெளிய. அதுக்கு அடில வெயிலு பளபளன்னு தெரியுது. நீங்க மாட்டுன ரெண்டு மட்டும் கடலப் பிடிச்சுக்கிட்டு நிக்கு. பின்னால வெள்ளையா ரெண்டு கோடு, ஒன்ன விட்டு ஒன்னு வெலகாம போகுது, போகுது, கண்ணுக்கு எட்டுன மட்டும் போகுது... அது மறைஞ்ச பெறகுதான், அதுக்குள்ள நீங்க இருக்கீங்கன்னு எனக்கு நெனப்பே வந்துச்சு.