நல்ல ஓசையும் போதிய தடுப்பும்

காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் கருவியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதன் நிறத்தைப் பார்த்தே வாங்குகிறார்கள். பழவங்காடியில் வளைகுடா நாட்டுப் பொருள்கள் விற்கும் கடைகளில் நான் நின்று கவனித்திருக்கிறேன். துபாயில் அண்ணன் இருக்கிற இளைஞர்கள் வருகிறார்கள். சிவப்புப் பஞ்சு வைத்தது வேண்டும் என்கிறார்கள். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். செவிக்கு உரிய பொருளைக் கண்ணால் தேர்ந்தெடுக்கும் இவ்வழக்கத்தை நான் கண்டிக்கிறேன்.

அதனை ஹெட்போன் என்றே இங்கு எழுதுகிறேன். செவிப்பூண் என்று நான் ஒரு சொல் ஆக்கி வைத்திருந்தேன். அதைக் கேட்ட கடைக்காரர் ஒருவர் நகைக்கடைக்கு வழி சொன்னார்.

ஐயா, என்னுடைய முதல் வாக்குமூலத்தைத் தங்கள் காவல் நிலையத்து ஏட்டு மலையாளத்தில் எழுதி எடுத்தார். அதில் எழுத்துப்பிழை இல்லை. ஆயினும் அது நிறைவானது அன்று. தாங்கள் நாகர்கோவிலில் தமிழ் படித்தவர் என்று அறிந்தமையால், இதனை என் கையால் என் மொழியில் எழுதித் தருகிறேன். நடந்தது விளங்க வேண்டுமானால், நான் ஹெட்போன் வாங்கிய காரணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நான் மலையாளம் வழங்கும் இந்நகரத்தில் தமிழாசிரியனாக இருந்து எழுபத்தொன்பதாம் ஆண்டில் ஓய்வு பெற்றவன். ஆரியசாலையில், மொத்தக் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில், வரிசை வீடு ஒன்றில் தனியே வசிக்கிறேன். மனைவி காலமாகிவிட்டாள். மஸ்கட்டில் இருக்கும் மகன், தான் வர இயலாமைக்கு ஈடாக, ஒரு டேப்ரிக்கார்டர் அனுப்பினான். மாலைதோறும் அதில் வீணை கேட்பேன். வீணை, நாகசுரத்தைப்போலத் தானே வந்து காதில் விழாது. நாம்தான் அதனை நோக்கிப் போக வேண்டும். தந்தியை மீட்டியபின், விரல் இழுக்க இழுக்க, ஓசை தேய்ந்துகொண்டே சென்று ஓரிடத்தில் முடியும். அந்த இடத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. அந்த இடத்தில் பக்கத்து வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தால் எல்லாம் போயிற்று.

பக்கத்து வீட்டில் பாத்திரங்கள் அடிக்கடி விழுந்தன.

அங்கே இருந்தவன் லிங்கம். என் பழைய மாணவன். பழவங்காடியில் நேசையன் என்பவருடைய கடையில் விற்பனையாளனாக இருந்தான். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சுடலைமாடத்தி என்ற பெண்ணை மணந்து கூட்டிவந்திருந்தான். என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவன் குடிப்பவன் அல்லன். நாள் முழுதும் பிறர் ஏவலைக் கேட்டுவிட்டு வந்து, குழம்பில் உப்புக் குறைந்தால் அடிப்பான். உப்புச் சரியாக இருந்தால் வேறு காரணம் கிடைக்கும்.

முதன்முறை அதனைக் கேட்டபொழுது நான் செய்ததை வீரச்செயல் என்று சொல்லமாட்டேன். மேசைமேல் என் பழைய ரூல்தடி கிடந்தது. அதை எடுத்துச் சுவரில் மூன்று முறை தட்டினேன். வகுப்பில் அப்படித்தான் மேசையைத் தட்டுவேன். மூன்றாவது தட்டுக்குள் வகுப்பு முழுதும் அடங்கிவிடும். லிங்கம் அந்த வகுப்பில் இருந்தவன். சுவருக்கு அப்பால் அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் என் வாசலில் வந்து கைகட்டி நின்றான்.

"சார், நேத்து சத்தம் கேட்டுத் தொந்தரவாப் போச்சுது இல்லியா?"

"சத்தம் சற்று அதிகம்தான்" என்றேன்.

"இனி பாத்துக்கிடுதேன் சார்."

பிறகும் பலமுறை அவன் வந்து அவ்வாறு நின்றதுண்டு. ஒவ்வொரு முறையும் நாங்கள் சத்தத்தைப்பற்றி மட்டுமே பேசினோம். ஒரு குடும்பத்தின் உள்விவகாரத்தைப் பெயர் சொல்லிப் பேசுவது நாகரிகம் அன்று.

நான் வேறொன்றும் செய்யவில்லை என்று தாங்கள் எண்ணலாகாது. சாலைச் சந்தியில் நின்ற காவலர் ஒருவரிடம் சொன்னேன். "சாரே, அது குடும்பக் காரியமல்லே" என்று சிரித்தார். மாடத்தியின் அண்ணன் திரவியத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் ஒரு பை கருப்பட்டியோடு வந்தான். மைத்துனனோடு உட்கார்ந்து சாப்பிட்டான். "பொறுத்துப் போ புள்ள. ஒனக்கு அடுத்தது ரெண்டு நிக்குது வீட்டுல" என்று அவன் தங்கையிடம் சொன்னது சுவர் வழியே எனக்குக் கேட்டது. காலைப் பேருந்தில் திரும்பிப் போனான். அதற்குமேல் போய் முறையிட எனக்கு இடம் தெரியவில்லை. ஆகவே ரூல்தடி ஒன்றே மிஞ்சியது.

அது எனக்கு எத்தகைய சுமையாயிற்று என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஒருநாள் கொல்லையில், துணி துவைக்கும் கல்லருகே நின்று மாடத்தி கேட்டாள்.

"சாரே, பெட்டி எடுத்து வச்சிருக்கு. ஊருக்குப் போறியளா?"

"திருநெல்வேலியில் ஒரு கல்யாணம்."

"எப்பத் திரும்புவிய?"

"செவ்வாய்க்கிழமை."

"அப்பச் செவ்வா வரைக்கும் உப்பைப் பாத்துப் போடணும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. தாலிகட்டு முடிந்த கையோடு, பந்தியில்கூட உட்காராமல், ஞாயிற்றுக்கிழமையே திரும்பிவிட்டேன். அதன்பின் எங்கும் போகவில்லை. வீணை கேட்கும்பொழுது ஒரு காது சுவரில் இருந்தது. ரூல்தடி மடியில் இருந்தது. ஒருமுறை, தட்டிய பிறகும் அங்கே அடி நிற்கவில்லை. மறுபடியும், பலமாக, தட்ட வேண்டியதாயிற்று. என்றேனும் ஒருநாள் தட்டியும் அவன் நிறுத்தாவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற கேள்வி எழுந்தது. விடை தெரியாத கேள்வியை எதிர்கொள்ளாமல் இருப்பதற்கு ஒரு வழி தேட எனக்கு உரிமை உண்டு என்றே கருதினேன்.

ஆகையால் நேசையன் கடைக்குப் போனேன். லிங்கமே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். முதலாவது மிக மெல்லியது. காதின்மேல் பஞ்சு மட்டும் படும். வீணை, திறந்த மண்டபத்தில் எதிரே அமர்ந்து வாசிப்பதுபோல இருந்தது. ஓசை என்றால் அதுதான். ஆனால் தெருவில் நடத்துநர் கூவுவதும், கணபதி கோயிலில் சிதறுகாய் உடைவதும் தாளம் தப்பி அதனோடு கலந்தன.

"இது வேண்டாம் சார்" என்றான் லிங்கம். "புறத்துள்ள சத்தம் எல்லாம் உள்ள கேறி வரும்."

"ஏறி என்று சொல்" என்று திருத்தினேன்.

"ஏறி வரும் சார்."

அடுத்தது கனமானது. தடித்த ரெக்சின் மெத்தை காதை முழுதும் இறுக்கி மூடியது. தேங்காயும் இல்லை, நடத்துநரும் இல்லை. ஆனால் வீணையும் பாதி இல்லை. குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்பது போன்றிருந்தது. நான் அதைக் கழற்றி வைப்பதை நேசையன் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்வளவு பாக்க மாட்டான். வீட்டுல ஒத்தைக்குத்தானே இருக்கீரு? சத்தம் போட அங்க யாரு?"

"என் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில்."

"பக்கத்து வீட்டுல இந்தப் பயல்லா இருக்கான்? லே லிங்கம், வீட்டுல போயிப் பாட்டுப் படிக்கியாலே?"

லிங்கம் கண்ணாடிப் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே மீண்டும் துடைத்தான். பின்னர் உள்ளே போய், தானே தேடி, மற்றொன்றை எடுத்துவந்தான். அது காதை மூடும் வகைதான். ஆனால் மெத்தை மென்மையானது. வீணையின் மேல்தந்தி சற்று மங்கியது. எனினும் ஓசை முடியும் இடம் தெளிவாகக் கேட்டது. தெரு வெகுதொலைவுக்குப் போய்விட்டது. நல்ல ஓசை, போதிய தடுப்பு. இரண்டையும் முழுமையாகப் பெற இயலாது. இரண்டிலும் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும். இதனை நான் அங்குதான் கற்றேன்.

"சார் அப்படியே இருங்க. நான் பலகைக்கு அந்தப் பக்கம் நின்னு நோக்குதேன்" என்றான் லிங்கம்.

கடைக்கும் சரக்கறைக்கும் நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒன்று இருந்தது. அவன் அதற்குப் பின்னால் போனான். நான் நாடாவை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சற்றுப்பொழுது கழித்து என் முன் வந்து நின்றான். அவன் நெற்றி வேர்த்திருந்தது.

"வல்லதும் கேட்டுதா சார்? ஏதாச்சும்?"

"என்ன செய்தாய்?"

"பலகையில தட்டினேன். பொறவு விளிச்சேன். நல்லா உரக்கத்தான் விளிச்சேன்."

"ஒன்றும் கேட்கவில்லை."

அவன் முகத்தில், மாணவனாக இருந்த காலத்தில் விடுமுறை அறிவிக்கும்பொழுது தோன்றும் தெளிவு தோன்றியது.

"அப்ப இனி என்னால சாருக்குத் தொந்தரவு இல்ல."

"இல்லை" என்றேன். "இனிமேல் எனக்கு எதுவும் கேட்காது."

இதை நான் மறைக்கவில்லை, ஐயா. அவனிடம் அந்தச் சொற்களையே சொன்னேன். அவற்றின் பொருள் எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பாட்டு நின்றிருக்கும்பொழுது அந்த ஹெட்போன் எப்படி இருக்கும் என்று சோதித்துப் பார்க்க மட்டும் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மாடத்திக்குச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு என் வாசற்படியில் வந்து நின்றாள்.

"சாரே, அந்தச் சாமானத்த நான் ஒருக்கா வச்சுப் பாக்கட்டா?"

கொடுத்தேன். எப்படி மாட்ட வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். வீணை ஒலித்ததும் அவள் வாய் சிறிது திறந்துகொண்டது. கண்ணை மூடி, கொஞ்ச நேரம், அசையாமல் நின்றாள். பின்னர் கழற்றி, அதன் மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"நான் விளிச்சாலும் கேக்காதா?"

"கேட்காமல் இருப்பதற்காகத்தான் வாங்கினேன்."

"செரி சார்" என்று திருப்பித் தந்துவிட்டுப் போனாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் நான் மறுமொழி சொல்லியிருப்பேன். நியாயங்கள் ஆயத்தமாகவே இருந்தன. அவள் அதற்கு இடம் தரவில்லை.

அதன்பின் சில வாரங்கள் என் மாலைகள் மிக நன்றாகக் கழிந்தன. லிங்கம் காலையில் வந்து நிற்பதும் நின்றுபோயிற்று.

ஆவணியில் ஒரு மாலை, விளக்கேற்றிச் சிறிது நேரத்தில், நாடாவின் ஒருபக்கம் முடிந்து பொத்தான் மேலே எழும்பியது. நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. இவ்வகைக் கருவி மெல்லிய, கூரிய ஓசைகளை நன்கு தடுக்கும். கனத்த ஓசைகளை அவ்வளவு தடுக்காது. பாட்டு ஓடும்பொழுது இது தெரிவதில்லை. பெண்குரல் ஒன்று எங்கோ தொலைவில், சொல்லாக இல்லாமல், இருந்தது. சுவர் அதிர்வது நாற்காலியின் முதுகு வழியே தெரிந்தது. பிறகு தட்டும் ஓசை வந்தது. நிதானமாக, இடைவெளி விட்டு, மூன்று. நான் தட்டுவதைப் போலவே. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து.

ரூல்தடி கைக்கெட்டும் தொலைவில் கிடந்தது. ஹெட்போனைக் கழற்றினால் நான் கேட்டவன் ஆவேன். கேட்டவன் எதையேனும் செய்தாக வேண்டும். அப்படியே அமர்ந்திருந்தேன். அவள் மறுபடியும் தட்டினாள். இம்முறை மூன்றாவது தட்டு வரவில்லை.

நான் நாடாவைத் திருப்பிப் போட்டேன். மறுபக்கத்தில் தோடி இருந்தது. நன்றாகவே வாசித்திருந்தார்கள்.

மாடத்தி கால் வழுக்கி ஆட்டுரலில் விழுந்து இறந்துவிட்டாள் என்று லிங்கம் சொன்னான். தங்கள் ஏட்டு என்னிடம் வந்து, ஏதேனும் கேட்டதா என்று விசாரித்தார். ஹெட்போனைக் காட்டினேன். அவரே மாட்டிக்கொண்டு, உடன் வந்த காவலரைப் பக்கத்து வீட்டில் நின்று கத்தச் சொன்னார். நான் நாடாவை ஓடவிட்டேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் கூற்றை மெய்யென்று எழுதிக்கொண்டார். போகும்பொழுது, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்தபின் லிங்கம் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அன்னைக்கு உங்களுக்கு உள்ளபடியே ஒண்ணும் கேக்கலியா?"

"இல்லை."

அவன் சுவரைப் பார்த்தபடி பேசினான்.

"அவ தட்டினா சார். நீங்கதான் தட்டுதீங்கன்னு நான் கைய எடுத்துட்டேன். தள்ளி நின்னுட்டேன். பொறவுதான் நோக்கினேன், அவ தட்டிக்கிட்டிருக்கா. அதுக்கு மேல எனக்கு வந்த கோவம்..." அவன் கண் ரூல்தடிக்குப் போயிற்று. "ஒரு தட்டு, சார். அந்நேரம் நீங்க ஒரு தட்டு தட்டியிருந்தா..."

தன் குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்வது ஒழுக்கம் அன்று என்று அவனைக் கண்டித்து அனுப்பினேன். அது சரி என்றே இப்பொழுதும் நினைக்கிறேன். அடித்தது அவன் கை. என் பங்கு, நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது. முதல் வாக்குமூலத்தில் கேட்கவில்லை என்றது பொய் என்பது. இரண்டையும் இதனால் ஒப்புக்கொள்கிறேன். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்பது தாங்கள் அறிந்தது.

இப்பொழுது ஏன் எழுதுகிறேன் என்று தாங்கள் வினவலாம். லிங்கம் மாலைதோறும், சரியாக நான் வீணை கேட்கும் வேளையில், சுவரோரம் உட்கார்ந்து அழுகிறான். ரூல்தடியால் தட்டிப் பார்த்தேன். தட்டினால் இன்னும் அதிகமாக அழுகிறான். ஆணின் அழுகை கனத்த ஓசை. இந்த ஹெட்போன் அதனைத் தடுப்பதில்லை. ஆகவே, இவ்வாக்குமூலத்தைக் கொண்டு அவனைத் தாங்கள் விரைவில் அழைத்துச் செல்லுமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.