புகை இல்லாத டாக்சி

நெய்யாற்றின்கரையில் வண்டிப் புகை சோதிக்கிற இடத்தில் வரிசையில் நின்றேன். சுமை தூக்கும் சுமட்டுக்காரனாகத் தொடங்கி சொந்தமாக ரெண்டு லாரி ஆக்கினவன் நான். வண்டிப் பேச்சென்றால் காது தானாகப் போகும். முன்னால் ஒரு ஜீப்காரனைப் புகை கூடுதலென்று திருப்பி விட்டார்கள். அவன் அடுத்து நின்ற ஆரியங்கோட்டு டாக்சிக்காரரிடம் புலம்பினான்.

“அண்ணே, இன்னைக்கு பாஸாகல்லேன்னா போலீசு வண்டியைப் பிடிச்சுப் போடுவான். உங்க கார் போனதடவை எப்படி பாஸாச்சு?”

“பம்பு ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கொறச்சேன். புகையே இல்ல. அதுலயாக்கும் எங்க அண்ணிக்க பிள்ளை போச்சு.”

“என்ன சொல்லுதியோ?”

“திரும்பக் கூட்டி வைக்க மறந்து போச்சு மக்கா. அன்னைக்கே அண்ணிக்கு பேறுவலி. ஒற்றசேகரமங்கலம் ஏத்தத்துல டீசல் பத்தாம வண்டி வலிச்சு ஏறல்ல. அண்ணனும் நானும் எறங்கித் தள்ளினோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்ப பிள்ளைக்கு உயிரில்ல. அண்ணன் இப்பம் எனக்க மொகத்துல முழிக்கதில்ல.”

ஜீப்காரன் தன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான்.

“அது எந்த ஸ்க்ரூ அண்ணே?”

டாக்சிக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போய் ஜீப்பின் பானட்டைத் தூக்கினார்.

“பாஸானா நேரே வீட்டுக்குப் போவாண்டாம். இந்த வாசல்லயே வச்சு டீசலைக் கூட்டிரு. கேட்டியா எலே?”