பணிமனைக் காட்டுத் தொட்டி

இந்தக் காவல் நிலையத்து வாசலில் நிற்கும் மரத்தில் பெயர்ப்பலகையை ஆணி அடித்து மாட்டியிருக்கிறீர்கள். கயிற்றால் கட்டியிருக்கலாம். ஆணி ஏறிய இடத்தில் பட்டை அழுகத் தொடங்கியிருக்கிறது. உள்ளே வரும்போது கண்ணில் பட்டது, அதனால் சொல்கிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவன். கடைக்கு இரண்டு தெரு தள்ளி, மூடிப்போன பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் மூன்று ஏக்கர் குப்பைமேடு கிடந்தது. அதைக் காடாக்கலாம் என்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் முதலில் சொன்னவர் நர்ஸக்கா. முப்பது வருடம் வார்டு பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கன்று பட்டுப்போனால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தவறு நடந்தது என்று நோட்டில் எழுதுவார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். இஸ்திரி போடுகிறவர், முடிதிருத்துகிறவர், டிப்பர் லாரி ஓட்டும் டிரைவர். டிரைவருக்குச் சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். பெண் பார்ப்பதிலிருந்து பல் பிடுங்குவது வரை நர்ஸக்காவைக் கேட்காமல் அவர் எதுவும் செய்யமாட்டார்.

என் மனைவி மட்டும், "அங்கயே ஒரு பாய் போட்டுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்த இடத்தை வாகன நிறுத்தமாக்க இரண்டு முறை முயன்றார்கள். மனுவும் கையுமாக அலைந்து தடுத்தோம். இந்த வருடம் நடக்க வந்த ஒருவர் பள்ளத்தில் இடறிக் கையை முறித்துக்கொண்டார். உடனே மாநகராட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லாப் பள்ளங்களையும் மூட வேண்டும், நேரில் வந்து பார்ப்போம், இன்னொரு விபத்து நடந்தால் வாசலைப் பூட்டிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

காட்டின் நடுவில் பணிமனைக் காலத்து நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. பன்னிரண்டு அடி ஆழம். மேல்மூடி இடிந்து, நான்கடி அகலத்துக்கு வாய் திறந்து கிடந்தது. அதை மூடுவது என் பொறுப்பு. கடையில் வேலை அதிகம், ஆள் கிடைக்கவில்லை, நாள் ஓடிவிட்டது. ஆய்வுக்கு முந்தின மாலை ஒரு தகரத்தைப் போட்டு அதன்மேல் சருகைப் பரப்பினேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு நான் போனபோது தகரம் உள்ளே விழுந்திருந்தது. நர்ஸக்காவும்.

அவர் அழவில்லை. வேறு யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். "இடுப்பு எலும்பு போயிருக்கு. நீ இறங்கித் தூக்கிடாத. ஸ்ட்ரெச்சரோட ஆளுங்க வரணும்."

கைப்பேசியை எடுத்தேன். எடுத்தது உண்மை. ஒன்பது மணிக்கு அதிகாரி வருகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அதை அவரிடமே சொன்னேன்.

"ஆபீசர் போனதும் கூப்பிடு. அதுவரைக்கும் சத்தம் போடமாட்டேன்."

தண்ணீர் பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். இன்னொரு தகரத்தைக் கொண்டுவந்து மூடினேன். மற்றவர்களிடம், அவசரமாக மகன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்றேன்.

அதிகாரி நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். அந்தத் தகரத்துக்கு நான்கடி தள்ளி நின்றுதான் கையெழுத்துப் போட்டார். உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. அந்த வலியோடு ஒருவர் வாயை மூடிக்கொண்டு கிடப்பது சின்ன விஷயமில்லை. இஸ்திரிக்காரர் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கலைந்து போகப் பதினொன்றரை ஆனது.

அப்போதாவது கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் யோசித்தேன். ஆம்புலன்ஸ் வந்தால் எப்போது விழுந்தார் என்று கேட்பார்கள். காலையில் என்றால், இத்தனை நேரம் என்ன செய்தாய் என்பார்கள். கையெழுத்து செல்லாமல் போகும். காடும் போகும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததற்கு அர்த்தமே இருக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. விழுந்தது நாளைக் காலையில்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், அதுவரை தாங்குவீர்களா என்று குனிந்து கேட்டேன்.

"முடியல தம்பி. இப்பவே கூப்பிடு."

குரல் மிகவும் சின்னதாகியிருந்தது. பிறகு டிரைவரைக் கூப்பிட்டேன்.

கன்றுகளுக்காக ஏற்றிய செம்மண்ணோடு அவர் லாரி வாசலிலேயே நின்றது. தொட்டியை இன்றைக்கே நிரப்பிவிடுவோம் என்றேன். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். குப்பைதான் என்றேன். அவர் இறங்கிப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில் என் கையைப் பார்த்தே லாரியைப் பின்னால் எடுத்தார். அவருக்கு எதுவும் தெரியாது, அதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். போன வாரம் மழையில் தொட்டி மண் இறங்கியபோது மண்வெட்டியை எடுத்தவரும் அவர்தான். அன்றிலிருந்து அவர் யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள்.

காட்டு வாசலைப் பூட்டிவிட்டீர்களாம். வடக்கு ஓரத்துக் கன்றுகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வேண்டும். யாரிடமாவது சாவியைக் கொடுத்தால் நல்லது. என்னால் இங்கிருந்து செய்ய முடிவது இதைச் சொல்வது மட்டும்தான்.

அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்கிறீர்கள். லாரி நெருங்கும்போது தகரத்தை இழுத்தேன். சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"வண்டி வந்துருச்சா தம்பி?"

"வந்துருச்சுக்கா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் டிரைவருக்குக் கையைக் காட்டினேன்.

ஒன்பது வருடத்தில் நர்ஸக்காவிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.